பாதி விலையில் பிரியாணியா?

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு மாணவனைச் சந்தித்தேன். பதினோராம் வகுப்பு படிக்கிறான். தகப்பனார் குழித்தறியில் பட்டு நெய்கிறவர். தன் பிறந்த நாளுக்கு நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போய், பெரிய ஓட்டலில் பிரியாணி சாப்பிடப் போவதாகச் சொன்னான்.

"அப்பாகிட்ட காசு கேட்டியா, தம்பி?" என்றேன்.

"செலவு ஒண்ணும் பெரிசா ஆகாது சார். ஆப்ல புக் பண்ணிட்டுப் போனா பாதி விலைதான். பாயிண்ட் வேற சேரும்" என்றான்.

அவனுடைய செல்போனை வாங்கிப் பார்த்தேன். '50 சதவீதம் தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல, 'ரூ. 100 வரை' என்று மற்றொரு வரி. மாணவ நண்பர்களே, இந்த எறும்பு வரியைத்தான் இப்போது ஆராயப் போகிறோம். வரைபடத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடை அச்சில் பில் தொகையையும், செங்குத்து அச்சில் தள்ளுபடியையும் குறியுங்கள். பில் 100 ரூபாய் என்றால் தள்ளுபடி 50; பில் 200 என்றால் தள்ளுபடி 100. இதுவரை நேர்கோடு. அதற்குமேல்? கோடு படுத்துவிடுகிறது! பில் 400 ஆனாலும் 100 ரூபாய்தான். 800 ஆனாலும் 100 ரூபாய்தான். இரும்பைக் காந்தமாக்கும்போது, மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் ஓர் எல்லைக்குமேல் காந்தத் தன்மை ஏறாமல் நின்றுவிடும். அதைத் தெவிட்டு நிலை என்று படித்திருப்பீர்கள். இதுவும் அதுபோலத்தான். நால்வர் சாப்பிட்டு 1,200 ரூபாய் பில் வந்தால் கிடைக்கும் தள்ளுபடி பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது சுமார் 8.3 சதவீதம். பாதி எங்கே, பன்னிரண்டில் ஒன்று எங்கே! ஆரணியிலிருந்து நால்வரும் போய்வரும் பேருந்துக் கட்டணத்திலேயே அந்த நூறு ரூபாய் கரைந்துவிடும்.

'பாயிண்ட்' எனப்படும் புள்ளிகள் கதை என்ன? பத்து ரூபாய்க்கு ஒரு புள்ளி, நூறு புள்ளிக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய் செலவிட்டால் 25 ரூபாய் திரும்பும், 2.5 சதவீதம். அதையும் கையில் தரமாட்டார்கள். மறுபடி போய்ச் சாப்பிட்டு, அந்தப் பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். நானும் ஓர் ஓட்டலில் இப்படி 340 புள்ளிகள் சேர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் கேட்டபோது, அவை முந்திய வாரமே காலாவதியாகிவிட்டன என்றார்கள். கதிரியக்கப் பொருளுக்குக்கூட அரை ஆயுள் என்று ஒன்று உண்டு; பாதிப் பாதியாகத்தான் குறையும். என் புள்ளிகள் ஒரே இரவில் சுழியாகிவிட்டன!

கணக்கு இவ்வளவு எளிதாக இருக்கும்போது ஏன் ஏமாறுகிறோம்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. 1930களில் கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியலாளர், நீண்ட பாதையில் எலிகளை ஓடவிட்டு, உணவை நெருங்க நெருங்க அவை வேகமாக ஓடுவதைக் கண்டார். மனிதர்களும் அப்படித்தானா? ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பாருங்கள். கார் கழுவும் நிலையம் ஒன்றில் 300 பேருக்கு அட்டைகள் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை காரைக் கழுவும்போதும் அட்டையில் ஒரு முத்திரை. பாதிப் பேருக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டங்கள். ஆனால் இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தது. இரு சாராரும் சேர்க்க வேண்டியது அதே எட்டு முத்திரைதான். ஆயினும் வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேரும், 'தொடங்கிவைத்த' அட்டைக்காரர்களில் 34 சதவீதம் பேரும் அட்டையை நிரப்பினார்கள்! புதிதாகச் சேர்ந்தவுடனே 'உமக்கு 50 புள்ளிகள் இலவசம்' என்று செயலி ஏன் வாழ்த்துகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

இதை அந்த மாணவனின் தகப்பனாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பாவு முடியப் போகும்போது தமக்கும் கை தானாக விரையும் என்றார். பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது: "முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டா வேற இடத்துக்குத் தறி ஓட்ட முடியாது சார். இதுவும் அதே மாதிரி முடிச்சுதானே?" அட்வான்ஸ் பெரிய முடிச்சு, புள்ளி சிறிய முடிச்சு. ஆனால் மற்ற ஓட்டலுக்குப் போகாமல் கட்டிப்போடுவதே இரண்டின் வேலையும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

இந்த நூறு ரூபாயை யார் தருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 2017இல் சொமாட்டோ நிறுவனம் 'கோல்டு' என்ற சந்தாத் திட்டத்தை இந்தியாவில் கொண்டுவந்தது. சந்தா கட்டியவர் ஒரு பதார்த்தம் வாங்கினால் இன்னொன்று இலவசம். சந்தாப் பணம் நிறுவனத்துக்கு. இலவசத்தின் செலவு உணவகத்துக்கு. 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கிப் பல நகரங்களில் நூற்றுக்கணக்கான உணவகங்கள் இத்தகைய திட்டங்களிலிருந்து வெளியேறின. ஆற்றல் அழியாது, ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாறும் என்கிறோம். தள்ளுபடியும் எவரோ ஒருவர் பையிலிருந்துதான் வருகிறது. விலைப்பட்டியலை ஏற்றிவிட்டால் அது நம் பையாகவும் இருக்கலாம்.

எல்லாத் தள்ளுபடியும் சூழ்ச்சி என்பது என் கருத்தன்று. பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டல் காலியாகக் கிடக்கும். அப்போதும் வாடகையும் சம்பளமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் விலையைக் குறைத்து ஆள் சேர்ப்பது இருவருக்கும் நல்லது. மெஸ்களில் மாதம் முழுவதற்கும் டோக்கன் வாங்கினால் சாப்பாட்டு விலை குறைவதும் நேர்மையான ஏற்பாடே. எத்தனை சாப்பாடு, என்ன விலை என்று முதல் நாளே தெரிந்துவிடும். சாப்பிடுவதென்று முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு தள்ளுபடியைத் தேடுகிறவருக்கு லாபம். தள்ளுபடியைப் பார்த்த பிறகு பசி வருகிறவருக்கு நட்டம். உங்கள் வயதினருக்கு இன்னொன்றும் உண்டு. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் கூறுகிறது. பிறந்த தேதியை மாற்றிப் போட்டுச் சேராதீர்கள்.

ஒரு பயிற்சி: 20 சதவீதமும், அதன்மேல் 10 சதவீதமும் தள்ளுபடி என்றால் மொத்தம் 30 சதவீதமா? அந்த மாணவன் அரை நிமிடத்தில் 28 என்று சொல்லிவிட்டான்.

அவன் வேலூருக்குப் போகவில்லை. நால்வரும் ஆரணியிலேயே சாப்பிட்டார்கள். 1,200 எதிர்பார்த்த இடத்தில் 560 ரூபாய்தான் ஆயிற்றாம். கணக்கைச் சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினான். "ஆனா சார், வேலூருக்குப் போயிருந்தா கோட்டையையும் பார்த்திருக்கலாம்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.