உருகி ஒன்று எரிந்ததற்கு உறுப்பனைத்தும் விலையா?

மகிழுந்தின் சாளரக் கண்ணாடி இறங்கவில்லை. அல்லது இறங்கிய கண்ணாடி ஏறவில்லை. உடையவர் பட்டறைக்கு ஓட்டிச் செல்கின்றார். அங்கிருப்பவர் சொடுக்கியை இருமுறை அழுத்துகின்றார், உதட்டைப் பிதுக்குகின்றார், உடனே தீர்ப்பும் வழங்கி விடுகின்றார்: "முழுவதையும் மாற்ற வேண்டும்!" எது பழுது என்று அவர் பார்க்கவில்லை, ஏன் பழுது என்று இவர் கேட்கவில்லை. பாராதவரும் கேளாதவரும் கூடி நடத்தும் இவ்வாணிகத்தில் வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நாம் ஈண்டு இடித்துரைப்பது ஒரு பட்டறையை அன்று. ஒரு தொழிலாளியையும் அன்று. நோய் இன்னதென்று நாடாமலே உறுப்பை அறுத்தெறியும் ஒரு வழக்கத்தையே இடித்துரைக்கின்றோம். மருந்தைப் பற்றிப் பேச வந்த வள்ளுவப் பேராசான், நோயை அறிந்து, நோயின் முதலை அறிந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியில் இறங்க வேண்டும் என்று வரிசை வகுத்தார். மாந்த உடலுக்கு வகுத்த அவ்வரிசை மாழை உடலுக்கும் பொருந்தும். அவ்வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் விலைச்சீட்டு, பின்னர் உறுப்பு, ஆய்வோ என்றும் இல்லை என்று நடப்பவரைத் தொழில் வல்லார் என்று எங்ஙனம் அழைப்பது?

அப்படிக் கதவுக்குள் மறைந்திருக்கும் மருமந்தான் என்ன? ஒரு சொடுக்கி. ஓர் உருகி. சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் 'ரிலே' என்னும் உறுப்பு. இவற்றை இணைக்கும் கம்பிகள். திருகுப் பல்லிணையோடு கூடிய சிறு மின்னோடி. கண்ணாடியைத் தாங்கி ஏற்றியிறக்கும், பட்டறைகளில் 'ரெகுலேட்டர்' என வழங்கும் ஏற்றி. அது கத்தரிக்கோலைப் போல் விரிந்து சுருங்கும் வகையாகவோ, எஃகு வடம் உருளைகளில் ஓடி இழுக்கும் வகையாகவோ இருக்கும். இறுதியாகக் கண்ணாடி வழுக்கிச் செல்லும் இரப்பர்ப் பள்ளம். இவ்வளவே! இவற்றுள் எது கெட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கண்ணாடி அசையவில்லை. அறிகுறி ஒன்று, கரணியங்களோ பல. உருகி ஒன்றின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலையை ஒட்டியது. ஏற்றியும் மின்னோடியும் சேர்ந்த தொகுதியின் விலையோ ஆயிரக்கணக்கில் ஏறுவது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பெரும்பள்ளத்தில்தான் அறியாதவனின் பணம் விழுகின்றது.

இனி, கருவி ஏதுமின்றிக் கண்ணையும் காதையும் மட்டும் கொண்டே பாதி வழக்கைத் தீர்த்துவிடலாம் என்பதைக் காண்க.

முதற்கேள்வி: இயங்காதது ஒரு சாளரமா, நான்குமா? நான்கும் ஒருசேர நின்றனவெனில், பொதுவான உருகியையும் ரிலேயையும் ஓட்டுநர் கதவிலுள்ள தலைமைச் சொடுக்கியையும் அதற்குரிய மின்வரவையும் பார்க்க வேண்டுமேயன்றி, மின்னோடிகளை ஐயுறுவது மடமை. நான்கு மின்னோடிகள் ஒரே நாளில் ஒன்றாகக் கூடி உயிர்விடுமோ? ஓட்டுநர் சாளரம் இயங்கி மற்றவை தத்தம் சொடுக்கிகளுக்குப் பணியவில்லை எனில், பிள்ளைகள் விளையாடாதிருக்க வைத்த பூட்டுச் சொடுக்கி அழுந்தியிருக்கின்றதா என்று முதலில் பார்க்க. அதை விடுவிக்க ஒரு விரல் போதும். ஒரு காசும் வேண்டா!

இரண்டாம் கேள்வி: ஒரு கதவின் கண்ணாடி, அக்கதவின் சொடுக்கிக்குப் பணியாமல் ஓட்டுநர் பக்கத்துச் சொடுக்கிக்கு மட்டும் பணிகின்றதா? எனில், மின்னோடியும் ஏற்றியும் குற்றமற்றவை என்று அப்பொழுதே விடுதலை பெற்றன. பழுது அக்கதவின் சொடுக்கியிலோ அதன் கம்பியிலோ இருக்கின்றது. குற்றமற்றதைத் தண்டித்துக் குற்றவாளியை விட்டுவைப்பவர், புது மின்னோடி பூட்டிய பின்னும் கண்ணாடி அசையாதது கண்டு அடுத்த விலைச்சீட்டை எழுதுவார்.

மூன்றாம் கேள்வி: அழுத்தும்போது கேட்பது என்ன? மின்னோடி ஓடும் ஒலி கேட்டும் கண்ணாடி நகரவில்லை எனில், வடம் அறுந்திருக்கும். அல்லது கண்ணாடியைப் பற்றும் நெகிழிக் கவ்வி முறிந்திருக்கும். அல்லது பல்லிணை தேய்ந்திருக்கும். முனகி முனகி மெல்ல ஏறினால், பள்ளத்து இரப்பர் காய்ந்திருக்கும். அல்லது மின்னழுத்தம் குறைந்திருக்கும். அல்லது மின்னோடி தளர்ந்திருக்கும். ஒலியே இல்லை எனில், பொறியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துக் கூரை விளக்கைப் பார்த்தபடி சொடுக்கியை அழுத்துக. விளக்கு சற்றே மங்கினால் மின்னோட்டம் பாய்கின்றது. மின்னோடி முயன்றும் சுழல இயலாமல் இறுகிக் கிடக்கின்றது. மங்கவில்லை எனில், பெரும்பாலும் மின்னோட்டம் அதனிடம் சென்று சேரவில்லை. விளக்கொன்று சான்றுரைக்கக் காத்திருக்கின்றது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை!

இவ்வளவும் பார்த்த பின்னரே கதவின் உட்பலகையைக் கழற்ற வேண்டும். கழற்றிய பின் வேண்டுவது ஒரு பன்மானி. மின்னோடிக்குச் செல்லும் இரு கம்பிகளுக்கிடையே, சொடுக்கியை அழுத்திய நிலையில் அளந்தால், ஒரு திசைக்கு ஏறத்தாழ 12 வோல்ட்டும் மறுதிசைக்கு அதே அளவு எதிர்க்குறியோடும் காட்ட வேண்டும். காட்டியும் மின்னோடி அசையவில்லை எனில், அது கெட்டது அல்லது இறுகியது. காட்டவில்லை எனில், மின்னோடியைக் குறைகூறல் ஆகாது. பின்னோக்கிச் சென்று சொடுக்கியையும் கம்பிகளையும் தேட வேண்டும். ஈண்டு ஒரு நுணுக்கம் உண்டு. மின்னோடியின் இணைப்பைப் பிரித்து வைத்து அளப்பது போதாது. பல இழைகளுள் ஓரிழை மட்டும் அறுபடாமல் ஒட்டியிருக்கும் கம்பியும், சுமையில்லாத போது 12 வோல்ட்டு என்றே காட்டும். மின்னோடியை இணைத்து அழுத்தியவுடன் அவ்வளவு சரிந்து விழும். சுமையோடு அளப்பவனே உண்மையைக் காண்பான்.

அவ்வாறு கம்பி அறும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. கதவுக்கும் உடற்கூட்டுக்கும் இடையில், கீல் அருகே, இரப்பர் உறைக்குள் கம்பிகள் செல்கின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் பல சென்றால், உறை நலமாக இருக்க, உள்ளே கம்பி அற்றுப்போகும். அதை ஒட்டிக் காப்பிட அரைமணி நேர உழைப்பும் சிறிது கம்பியும் போதும். இதற்குத்தானா முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்கின்றனர்?

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். ஒருமுறை தொட்டால் தானே ஏறும் சாளரங்கள் பலவற்றில், மின்கலத்தைக் கழற்றி மாட்டியவுடன் அவ்வமைப்பு தன் எல்லையை மறந்து விடுகின்றது. கண்ணாடியை முழுதும் ஏற்றிச் சொடுக்கியைச் சில நொடிகள் பிடித்திருப்பது போன்ற எளிய முறையால் அதை மீட்டும் கற்பிக்கலாம். முறை உந்துக்கு உந்து வேறுபடும். அது உந்தோடு தரப்பட்ட கையேட்டிலேயே இருக்கும். கையேட்டைப் புரட்டாதவனுக்கு அங்கே புதிய மின்னோடி விற்கப்படுகின்றது! அவ்வாறே, காய்ந்த இரப்பருக்குச் சிலிக்கோன் தெளிப்பு இட வேண்டிய இடத்தில் பொறி எண்ணெயை ஊற்றுகின்றனர். எண்ணெய் இரப்பரை ஊறவைத்துக் கெடுப்பதோடு புழுதியையும் ஈர்த்துச் சேர்க்கின்றது. இன்று செய்த பழுதுநீக்கமே நாளைய பழுதுக்கு வித்தாகின்றது.

"நேரம் பொன்னானது; தேடிக்கொண்டிருந்தால் கூலி யார் தருவார்? முழுத்தொகுதியை மாற்றினால் உறுதிச்சீட்டும் தரலாமே" என்பர் சிலர். தேடும் உழைப்புக்குக் கூலி கேட்கட்டும்; மகிழ்ந்து கொடுப்போம். அறிவுக்குக் கூலி கொடுப்பது நயன்மை. அறியாமைக்கு விலை கொடுப்பதே இழிவு. வடம் அறுந்து உருளையும் நொறுங்கியிருந்தால் ஏற்றியை முழுதாக மாற்றுவதே முறை என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயினும் அங்கும், பல உந்துகளில் மூன்று திருகாணிகளைக் கழற்றினால் நல்ல மின்னோடியைப் புதிய ஏற்றியில் பொருத்திவிடலாமே! ஆய்ந்து மாற்றுவது வேறு. ஆயாமல் மாற்றுவது வேறு.

உறுப்பு செய்யும் பெருநிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. 2014 ஆகத்துத் திங்களில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி உறுப்புகளையும் பழுதறி கருவிகளையும் தனிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்தமைக்காக 14 மகிழுந்து நிறுவனங்கள் மீது 2,544 கோடி உருபாவுக்கும் மேற்பட்ட தண்டம் விதித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடுகள் எழுந்தன. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலம் 2012-இல் உந்துகளைப் பழுதுநீக்கும் உரிமைக்குச் சட்டமே செய்தது. நடுவணரசு 2022 திசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்து, அதில் உந்துத் துறையையும் சேர்த்தது. தளம் திறப்பது வேறு, கடமையாக்குவது வேறு. கதவுக்குள்ளும் கணிப்பொறி புகுந்துவிட்ட இந்நாளில், பழுதின் குறியீட்டைப் படிக்கும் கருவி ஒருசாரார் கையில் மட்டும் இருந்தால், எளிய பழுதுநீக்குநன் என்ன செய்வான்? அவனும் வேறு வழியின்றி "முழுவதையும் மாற்று" என்றே சொல்லக் கற்றுக்கொள்வான்.

இஃதொரு கண்ணாடிச் சிக்கல்தானே என்று எண்ணற்க. ஆயிரக்கணக்கில் விலை சொன்னதைக் கேட்டு மலைத்த வாடகையுந்து ஓட்டுநர், கண்ணாடிக்கு மரத்துண்டு முட்டுக் கொடுத்து ஓட்டுகின்றார். 2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு ஒன்று தெரியும்: வெளியே நீர் ஏறி அழுத்தும்போது கதவு திறவாது, உயிர் தப்பும் வழி சாளரம் ஒன்றே. அச்சாளரத்தைப் பொய்விலை கூறி இறுகப் பூட்டி வைப்பவர், அவ்வுயிருக்கு என்ன விடை சொல்வார்?

தாமே பழுதுநீக்கப் புகுவோரும் விழிப்போடு புகுக. மின்கலத்தைக் கழற்றுக, கதவுக்குள் காற்றுப்பை தொடர்பான உணரிகள் இருக்கக்கூடுமாதலால் கையேட்டைப் பார்த்த பின்னரே தொடுக. கண்ணாடி விழாதபடி மேலே ஒட்டுநாடாவால் கட்டுக. கத்தரிக்கோல் வகை ஏற்றியில் இறுக்கிய சுருள்வில் உண்டு; அதன் கைகளை அசையாது பிணைக்காமல் மின்னோடியைக் கழற்றினால் அது பாய்ந்து விரலைச் சிதைக்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்துகள் செய்து உலகுக்கு அனுப்பும் நாடு இது. புதுப்பேட்டையின் குறுகிய தெருக்களில், பழைய உறுப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தே அதன் நோயைச் சொல்லும் கைவல்லார் வாழும் நாடும் இதுவே. அறிவில் நமக்குக் குறைவில்லை. அவ்வறிவைக் கேட்டுப் பெறும் துணிவில்தான் குறைவு.

எனவே, அடுத்த முறை பட்டறைக்குச் செல்லுங்கால் மூன்றைக் கேளுங்கள்: "எது பழுது? எப்படி அளந்தீர்? கழற்றிய உறுப்பைக் கையில் தாரும்!" இம்மூன்றுக்கும் விடை சொல்பவருக்குக் கூலியோடு மதிப்பும் கொடுங்கள். விடை சொல்லாதவரிடம் உந்தின் திறவுகோலைக் கொடாதீர்கள். கேட்பவன் ஏமாறான், கேளாதவனுக்கோ உருகி ஒன்று எரிந்தாலும் உறுப்பனைத்தும் விலையே!