ஹைப்ரிட் காருக்கு நம் ஊரில் எது குளிர்காலம்?

கம்ப்யூட்டர் இதழில் கார் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று ஷோரூமில் நிற்கும் ஹைப்ரிட் கார் சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்தான். அதற்குள் பல கண்ட்ரோல் யூனிட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிராசசர். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'கேன் பஸ்' என்ற நெட்வொர்க். பல மாடல்களில் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் அதே லித்தியம் அயன் வகை பேட்டரி. எப்போது பெட்ரோல் எஞ்சின் ஓட வேண்டும், எப்போது மோட்டார் மட்டும் போதும் என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல, புரோகிராம்தான். ஆகவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நாம் சொல்லும் பல விஷயங்கள் இந்தக் காருக்கும் பொருந்தும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு எரிச்சல். ஹைப்ரிட் கார் பராமரிப்பு பற்றி இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் குளிர்காலக் குறிப்புகள். உறைபனியில் எப்படி ஸ்டார்ட் செய்வது, பனியில் மைலேஜ் குறைந்தால் என்ன செய்வது என்று கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அவர்களுக்கு அது தேவை. செங்கல்பட்டில் கோலவாய் ஏரிக்கரையோரம் கார் ஓட்டும் நமக்கு? இங்கே மார்கழி விடியலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் காருக்கு வரும் சோதனைகளே வேறு. அவற்றைப் பற்றி விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை என்பதுதான் என் புகார்.

குளிரில் என்ன நடக்கிறது?

முதலில் குளிரைப் புரிந்துகொள்வோம். அது புரிந்தால் வெயில் எளிதாகப் புரியும்.

பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. குளிர் அதிகமானால் அந்த வேலை மந்தமாகும். பேட்டரியின் உள் மின்தடை கூடும். கொடுக்கும் சக்தியும் குறையும், பிரேக் பிடிக்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் சக்தியும் குறையும். இன்னொரு பக்கம், காருக்குள் சூடு வேண்டும். அந்தச் சூடு பெரும்பாலும் எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். எனவே சும்மா இருக்க வேண்டிய நேரத்திலும் எஞ்சின் ஓடும். மைலேஜ் விழும்.

எவ்வளவு விழும்? அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கைப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட மைனஸ் 7 டிகிரியில், நகருக்குள் ஓடும் சாதாரண பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஹைப்ரிட் காருக்கோ 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம். பெரிய இழப்புதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெயில் வந்து பேட்டரி சூடானதும் போன சக்தி திரும்பி வந்துவிடும். இது தற்காலிக நஷ்டம்.

வெயில் செய்யும் வேலை வேறு

வெயில் இதற்கு நேர் எதிர். சூட்டில் பேட்டரி சுறுசுறுப்பாகவே வேலை செய்யும். அன்றைக்குக் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே வேண்டாத ரசாயன மாற்றங்களும் சேர்ந்து வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் இத்தகைய மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. இப்படிப் போகும் கொள்ளளவு திரும்பி வராது. கட்டிலின் மேல், மெத்தையில் வைத்து இரண்டு வருடம் ஓட்டிய லேப்டாப்பின் பேட்டரி அரை மணி நேரத்தில் மூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-இல் முழு மின்சாரக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டியபோது ஒரு சார்ஜில் ஓடும் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. 35 டிகிரியில் ஏசி போட்டு ஓட்டியபோது குறைந்தது 17 சதவீதம்தான். இதைப் படித்துவிட்டு 'வெயிலால் பெரிய பாதிப்பில்லை' என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கு அன்றைய ஓட்டத்தை மட்டும் அளக்கிறது. பேட்டரியின் ஆயுளை அளக்கவில்லை.

ஆயுள் பற்றிய பாடம் அரிசோனா பாலைவனத்திலிருந்து வந்தது. நிஸான் லீஃப் மின்சாரக் காரின் முதல் மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. ஃபீனிக்ஸ் நகர வெயிலில் ஓட்டியவர்கள், வாங்கி ஓரிரு ஆண்டுகளிலேயே கொள்ளளவு குறைகிறது என்று 2012-இல் குரல் எழுப்பினார்கள். அதன் பிறகே பேட்டரியின் கொள்ளளவுக்கும் வாரண்டி தர அந்த நிறுவனம் முன்வந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டதால் கிடைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2003 மே மாத இறுதியில் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. பரனூர் டோல் பக்கத்தில் கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே தெரியும்.

சின்ன பேட்டரி, பெரிய வேலை

2022-இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட் மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 0.76 யூனிட் கொள்ளளவு. சாதாரண லேப்டாப் பேட்டரி சுமார் 50 வாட் மணி. அதாவது சுமார் 15 லேப்டாப் பேட்டரிகளைச் சேர்த்த அளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை நகர்த்த வேண்டும். கூடுவாஞ்சேரி முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை நேர நெரிசலை நினைத்துப் பாருங்கள். நூறு முறை நின்று, நூறு முறை கிளம்பினால், நூறு முறையும் பேட்டரி மின்சாரத்தைக் கொடுத்து வாங்குகிறது. ஒவ்வொரு முறையும் சூடாகிறது. ஹைப்ரிட் கார் அதிகம் மிச்சப்படுத்துவதும் இந்த நெரிசலில்தான், பேட்டரி அதிகம் உழைப்பதும் இங்கேதான்.

அந்தக் காருக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம்! அது சோதனைக் கூடத்தில், உருளைகளின் மேல் காரை ஓட்டி, ஏசி இல்லாமல் எடுத்த எண். மே மாதத்தில் ஏசி இல்லாமல் ஓட்டுபவர் யார்? நின்றிருக்கும் காரிலும் ஏசி ஓடினால் பேட்டரி இறங்கும். இறங்கியதும் எஞ்சின் தானே கிளம்பும். கனடாக்காரருக்கு ஹீட்டர் செய்வதை நமக்கு ஏசி செய்கிறது.

பேட்டரியைப் பாதுகாக்க கம்பெனிகள் செய்திருக்கும் நல்ல ஏற்பாடுகளையும் சொல்ல வேண்டும். ஹைப்ரிட் பேட்டரியை முழுவதும் நிரப்பவோ முழுவதும் காலி செய்யவோ புரோகிராம் விடுவதில்லை. பொதுவாக 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறது. லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி போலத்தான் இதுவும்.

அடுத்தது ஃபேன். பல ஹைப்ரிட் கார்களில், பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து காற்றை இழுத்து பேட்டரியைக் குளிர்விக்கிறார்கள். இருக்கைக்கு அடியிலோ பக்கத்திலோ அந்தக் காற்று வழி இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் சி.பி.யூ. ஃபேனில் தூசி அடைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். இங்கும் அப்படியே. மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்வந்தால் கால்வழியே அரைப்படி மணல் காருக்குள் வரும். அந்த மணலும் தூசியும் ஃபேனின் ஃபில்டருக்குப் போகும். அந்த வழியை மறைத்து பைகளை அடுக்குபவர்களும் உண்டு. வாங்கும்போதே 'காற்று வழி எங்கே, ஃபில்டரை எப்போது சுத்தம் செய்ய வேண்டும்' என்று கேளுங்கள். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது முதலில் கண்ணாடிகளை இறக்கி உள்சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு ஏசி போடுங்கள். அந்தக் குளிர்ந்த காற்று உங்களுக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும்தான்.

நமக்குக் குளிர்காலம் என்றால் மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன.

இங்கே ஹைப்ரிட் ஓட்டுபவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தேங்கிய தண்ணீரில் கார் சத்தமில்லாமல் மோட்டாரில் போய்க்கொண்டிருக்கும். 'எஞ்சின் ஓடவில்லை, தண்ணீர் உள்ளே போகாது' என்று தோன்றும். ஆனால் பேட்டரி இறங்கினாலோ, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலோ எஞ்சின் எந்த நொடியும் தானாகவே கிளம்பலாம். அப்போது காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சினால் எஞ்சின் போச்சு. ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள். மூழ்கிய காரை 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று பட்டனை அழுத்தவும் கூடாது. தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டருக்கு நாம் கரண்ட் கொடுப்போமா? ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே தொட வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளத்தில் எஞ்சினும் ஹைப்ரிட் பேட்டரியும் கெட்டால் பணம் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பு மட்டும் இரு ஊருக்கும் பொது

வெளிநாட்டுக் குளிர்காலக் குறிப்புகளில் ஒன்று மட்டும் அப்படியே நமக்குப் பொருந்தும். அங்கே பனியைக் கரைக்க ரோட்டில் உப்பு போடுவார்கள். அது காரின் அடிப்பாகத்தை அரிக்கும். நமக்கு அந்த உப்பைக் கடல் காற்று கொண்டுவருகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் கனெக்டருக்கும் சென்சாருக்கும் என்ன கதி? ஈ.சி.ஆர். பக்கம் குடியிருப்பவர்கள் காரின் மேல்பகுதியோடு அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ஹைப்ரிட் காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. காரின் கம்ப்யூட்டர்களைத் தட்டி எழுப்புவது அதுதான். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் அசையாது. வெயிலில் இதன் ஆயுளும் குறையும். வெளிநாடு போகும்போது காரை மாதக்கணக்கில் அப்படியே விட்டுப் போகிறவர்கள் கவனிக்கவும்.

என் கோரிக்கை

ஒரு ஷோரூமில் நான் 'இந்த பேட்டரியின் இன்றைய ஆரோக்கியத்தை எந்தத் திரையில் பார்க்கலாம்?' என்று கேட்டேன். விற்பனையாளர் மைலேஜ் எண்ணையும், எட்டு ஆண்டு வாரண்டியையும் சொன்னார். என் கேள்விக்கு அது பதில் இல்லை. வாரண்டி நல்லதுதான். ஆனால் அது பேட்டரி பழுதானால் உதவும். மெல்ல மெல்லத் தேய்வதை யார் சொல்வது? ஆறு வருடம் ஓடிய ஹைப்ரிட் காரை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் எதைப் பார்த்து விலை பேசுவார்? ஓடோமீட்டர் கிலோமீட்டரைச் சொல்லும். எத்தனை கோடை வெட்டவெளியில் நின்றது என்று சொல்லாது.

இது முடியாத காரியமும் இல்லை. விண்டோஸ் 8 முதல் லேப்டாப்பில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். வாங்கியபோது இருந்த கொள்ளளவும் இன்று இருப்பதும் அதில் வரும். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்த விவகாரம் 2017-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பேட்டரி ஆரோக்கியத்தைக் காட்டும் திரை அந்த போனில் வந்தது. ஐரோப்பிய யூனியன் 2023-இல் கொண்டுவந்த சட்டம், 2027 பிப்ரவரி முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம் என்கிறது. பல ஆயிரம் ரூபாய் போனில் இருக்கும் வசதியைப் பல லட்ச ரூபாய் காரில் கேட்பது அதிகமா? அந்தத் தகவல் காரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. சர்வீஸ் சென்டரின் கருவி அதைப் படிக்கிறது. உரிமையாளருக்கு மட்டும் காட்டுவதில்லை.

எனவே ஹைப்ரிட் கார் வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பேட்டரி எப்படிக் குளிர்விக்கப்படுகிறது? அதன் ஆரோக்கியத்தை நான் எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த எண்ணை அச்சிட்டுத் தருவீர்களா? பத்து பேர் கேட்டால் விற்பனையாளர் தலையைச் சொறிவார். பத்தாயிரம் பேர் கேட்டால் கம்பெனி திரையில் காட்டும்.