உட்காரும் உரிமை

மீமிசல், புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்களுள் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த இவ்வூருக்கு, மளிகையும் மருந்தும் துணிமணியும் வாங்கச் சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்கள் வருகின்றனர். இதுபோன்ற ஊர்களின் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஓர் இருக்கை இருக்கும். அஃது உரிமையாளருக்கு உரியது. பொருளை எடுத்துத் தருபவருக்கு இருக்கை உண்டா என்று வாங்க வந்தவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடையின் பாதுகாப்பு என்றவுடன் பூட்டும் கண்காணிப்புக் கருவியும் தீயணைப்பானும் நினைவுக்கு வருகின்றன. அவை தேவையே. ஆயினும், கடையில் உள்ளவற்றுள் முதலில் காக்கப்பட வேண்டியவர் அங்கு உழைக்கும் மனிதர் அல்லரோ?

நிற்பதால் வரும் கேடு

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் உள்ள குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவருக்கு இவ்வியக்கம் குறைகிறது. குருதி காலிலேயே தேங்குகிறது. நாளடைவில் கால் வீக்கமும் இடுப்புவலியும் தோன்றுகின்றன. நரம்புச் சுருட்டல் என மக்கள் வழங்கும் சிரைப் புடைப்புக்கும் இது காரணமாகிறது. கழிப்பறை வசதி இல்லாத கடைகளில் பெண்கள் தண்ணீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். அதனால் வேறு நோய்களும் சேர்கின்றன. கடைப் பணியாளரின் இத்தகைய வாழ்வை வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' திரைப்படம் 2010ஆம் ஆண்டில் தமிழகத்தின் கண்முன் நிறுத்தியது.

சட்டம் கடந்துவந்த பாதை

இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே, கடைகளில் மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கை வீதம் அமைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைநேரத்தை வரையறுத்தது. காற்றோட்டம், வெளிச்சம், தீத்தடுப்பு ஆகியவற்றையும் வலியுறுத்தியது. இருக்கை பற்றி அச்சட்டம் பேசவில்லை.

கேரளத்தின் கோழிக்கோட்டில், தையல்தொழிலாளி விஜி முதலானோர் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பின் வழியாகக் கடைப் பெண்களைத் திரட்டினர். கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம் இருக்கைக்கான போராட்டமாக வளர்ந்தது. அதன் பயனாக 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் அவ்வழியில் நடந்தது. பணியின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஏற்ற இருக்கைகளைப் பணியாளர் அனைவருக்கும் அமைக்க வேண்டும் என்பதே இத்திருத்தம்.

மரியாதை எது?

உட்கார்ந்தால் சோம்பல் வரும் என்பர் சிலர். நாள் முழுவதும் உட்காருமாறு சட்டம் கூறவில்லை. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் கால் ஆறட்டும் என்றே கூறுகிறது. களைத்தவரைவிடக் களைப்பு நீங்கியவர் நன்கு பணியாற்றுவார். இடமில்லை என்னும் கடைக்காரருக்கு, மேசையின் அடியில் அடங்கும் முக்காலி ஒன்று போதும்.

வாங்க வருபவர் முன் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்பதே வலுவான தடை. வங்கியில் காசாளர் அமர்ந்திருக்கிறார். பணம் எடுக்க வந்தவர் நிற்கிறார். தொடர்வண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்குபவரும் அமர்ந்தே வழங்குகிறார். அவற்றை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. துணிக்கடைப் பெண் உட்கார்ந்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? குறைந்த ஊதியம் பெறுபவர் நின்றுதான் ஆக வேண்டும் என்னும் பழைய எண்ணமே இதற்குக் காரணம். சட்டம் இருக்கையைத் தரலாம். இந்த எண்ணம் மாறாதவரை அதில் அமரும் துணிவு பணியாளருக்கு வாராது.

இன்று பதினொன்றாம் வகுப்பில் பயில்வோருள் சிலர் நாளை கடைகளில் பணிக்குச் சேரலாம். சிலர் கடை நடத்தலாம். வாங்கச் செல்பவராக எல்லாரும் இன்றே இருக்கின்றனர். கடைக்குள் நுழையும்போது பணியாளர் பதறி எழுந்தால், "உட்கார்ந்தே சொல்லுங்கள், அக்கா" என்று கூற எவருக்கும் செலவில்லை. அச்சொல்லைக் கேட்கும் உரிமையாளரும் நாளடைவில் மனம் மாறுவார்.