தில்லிப் பிள்ளைகளும் தமிழ்ப் புத்தகமும்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் வகுப்பு முடிந்ததும் பல பிள்ளைகளின் பேச்சு ஹிந்திக்கு மாறிவிடுகிறது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 'இயன்ற இடங்களில்' ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழியில் கற்பிக்கச் சொன்னது. தலைநகரத் தமிழருக்கு அந்த 'இயன்ற' எவ்வளவு இடம் தரும் என்பது சந்தேகமே. பாடப் புத்தகத்துக்கு வெளியேதான் வழி தேட வேண்டியிருக்கிறது.

பாட்டு என்றாலே மனப்பாடப் போட்டி, பரிசு என்றாகிவிட்டது. இந்தியன் வங்கி ஊழியராக இருந்த அழ. வள்ளியப்பாவோ, பிள்ளைகள் விளையாடிக்கொண்டே சொல்லத்தக்க பாடல்களை எழுதினார். எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தையும் காதால் கேட்டே அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

எட்டு வயதில் ரயில் எப்படி ஓடுகிறது, திமிங்கலம் மீனா என்ற கேள்விகள் பிறக்கின்றன. அதற்குப் பாட்டு போதாது. பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் செலவின்றிக் கிடைக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முந்திய தகவல்கள்தான், திமிங்கலம் மாறிவிடவில்லை. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையிலும் தமிழ் நூல்கள் உண்டு. விலை குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டும்.

ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது. ஞாயிறு ஒன்றே ஓய்வுள்ள தொழிலாளி, பிள்ளையை இரண்டு பஸ் மாறி அங்கே அழைத்துச் செல்வாரா? மாதம் ஐம்பது நூல்களைப் பள்ளிகளுக்கே சுற்றுக்கு அனுப்பினால் அந்தச் சிரமம் இராது.