ஒரு கூடை ரம்புட்டான்

'பையன் எந்தக் காலேஜ்?' என்று கேட்டால், தென்காசியில் சில வீடுகளில் 'காலேஜ் போகலை. படிக்கிறான், பணமும் வாங்குறான்' என்பார்கள். மத்தளம்பாறையில் 2011-ல் ஆபீஸ் போட்ட ஸோஹோ நடத்தும் பள்ளி. பிளஸ் டூ போதும். ஃபீஸ் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை, நிஜ வேலையே பாடம். பட்டம் மட்டும் கிடையாது (அப்பாக்களுக்கு வயிற்றைக் கலக்குவது அங்கேதான்).

எனக்கு ஒரு குறை. செய்யக் கற்கிற பையன் விற்கவும் கற்க வேண்டாமா? பக்கத்திலேயே குற்றாலம். சீசனில் ஒரு கூடை ரம்புட்டானோடு உட்கார வையுங்கள். திடீரென்று வெள்ளம், அருவியில் குளிக்கத் தடை, கூட்டம் காலி. நாளைக்குப் பழத்தின் தோல் கறுத்துவிடும். விலையைக் குறைப்பதா, கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவதா? பயல் யோசிப்பதற்குள் பக்கத்துக் கடை ஆச்சி பாதிக் கூடையை வித்திருப்பாங்க.