சின்னக் கடனா, பெரிய வட்டியா?

கடனை அடைக்க வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ முடிவெடுப்பது எளிது. ஏழாவது மாதமும் அப்படியே இருப்பதுதான் கடினம். தீபாவளித் துணியைக்கூடத் தள்ளிப்போட்ட குடும்பம், பாக்கி குறைவதே கண்ணில் படாதபோது சலித்துப்போகிறது.

அமெரிக்க ஆய்வாளர்கள் டேவிட் கால், பிளேக்லி மெக்ஷேன் இருவரும், கடன் தீர்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்களை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்தவர்களே மொத்தக் கடனிலிருந்தும் மீளும் வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. ஆக, பக்கத்து வீட்டில் வாங்கிய ஐயாயிரம் ரூபாய்க் கைமாற்றை முதலில் கொடுத்து, நோட்டில் ஒரு பெயரை அடிப்பது வீண்வேலை அல்ல.

ஆனால் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் கதை வேறு. மாதம் 3.5 சதவீதம் என்றால் 50,000 ரூபாய்க்கு வட்டி மட்டுமே 1,750 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. ஆண்டுக்கு 10 சதவீத நகைக்கடனில் அதே தொகைக்கு மாதம் சுமார் 417 ரூபாய்தான். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, கைமாற்றை முடித்த கையோடு கார்டின் மீது பாய்வதே சரி. அது நீண்ட ஓட்டம் என்பதால், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு பரோட்டா சாப்பிடும் செலவையும் பட்ஜெட்டிலேயே எழுதிவைக்க வேண்டும்.