அழுகுரலைக் கேட்ட மூதாட்டி

கோபன்ஹேகன் நகரத்தின் பெரிய மருத்துவமனையில், மின்தூக்கி ஏறி இறங்கும் குழிக்குள்ளிருந்து ஒரு சிறுமியின் அழுகுரல் எழுகிறது. அறுவை சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர்கள் பலர் அந்த மின்தூக்கியில் நாள்தோறும் சென்று வருகின்றனர். அவர்கள் காதில் அது விழவில்லை. நரம்பியல் பிரிவில் நோயாளியாகச் சேர்ந்திருக்கும் ஒரு மூதாட்டிக்கு மட்டும் அது கேட்கிறது. உண்மையில் அவருக்கு நோய் எதுவும் இல்லை. உள்ளே நுழைவதற்காக, இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிப் படுக்கை பெற்றவர் அவர்.

டென்மார்க் தொலைக்காட்சி 1994ஆம் ஆண்டு ஒளிபரப்பிய 'ரீகெட்' என்னும் தொடர் இப்படித்தான் கதைக்குள் நுழைகிறது. அச்சொல்லுக்கு ராஜ்யம் என்று பொருள். லார்ஸ் ஃபான் டிரையர் என்னும் திரைப்பட இயக்குநர், நீல்ஸ் வோர்செல் என்பவருடன் சேர்ந்து எழுதி, மார்டன் ஆர்ன்ஃபிரெட்டுடன் இணைந்து இயக்கியது. பேய்க்கதைக்கு இப்பக்கத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். அச்சத்தை விற்பதற்கென்றே எடுக்கப்படும் பேய்க்கதைகள் ஏராளம். செய்த தவறுக்குக் கணக்குக் கேட்கும் பேய்க்கதைகள் மிகச் சில. இத்தொடர் அந்தச் சிலவற்றுள் ஒன்று.

வெளுத்துறையின் மேல் எழுந்த மாளிகை

கதை நிகழும் இடம் கற்பனையன்று. டென்மார்க்கின் தலைசிறந்த மருத்துவமனையான ரிக்ஸ்ஹாஸ்பிடலெட்டின் பெயரும் கட்டடமும் தொடரில் அப்படியே வருகின்றன. அந்நாட்டு மக்கள் அதனைச் சுருக்கமாக 'ரீகெட்' என்றே அழைப்பர். அரசர் ஐந்தாம் ஃபிரெடரிக் காலத்தில், 1757ஆம் ஆண்டில், நகரின் வேறொரு தெருவில் தொடங்கப்பட்ட அரச மருத்துவமனையே அதன் மூலம். தத்துவ அறிஞர் கீர்க்ககோர் 1855ஆம் ஆண்டில் உயிர்நீத்ததும் அந்தப் பழைய மருத்துவமனையில்தான். 1910ஆம் ஆண்டில் அது இன்றைய இடத்துக்கு மாறியது. அத்தெருவின் பெயர் பிளேக்டாம்ஸ்வை. துணி வெளுக்கும் குளங்கள் இருந்த பகுதி என்பதை அப்பெயரே சொல்லும்.

தொடரின் ஒவ்வொரு பகுதியும் அந்தக் குளங்களில்தான் தொடங்குகிறது. சதுப்பு நிலத்தின் மேல் மூடுபனி. ஈரத்துணியை இழுத்து அலசும் உழைப்பாளிகள். பிறகு அதே மண்ணின் மேல் மருத்துவமனை எழுகிறது. நாட்டின் கூர்த்த மதியினரும் உயர்ந்த கருவிகளும் அங்கே வந்து சேர்கின்றனர். அறிவுக்கு எட்டாதது எதுவும் இல்லை என்னும் செருக்கும் கூடவே குடியேறுகிறது. அடித்தளத்தில் விரிசல் விழுகிறது. மண்ணுக்குள்ளிருந்து கைகள் நீள்கின்றன. கதை சொல்லப்போவதன் சுருக்கம் அந்தச் சில நிமிடங்களிலேயே அடங்கிவிடுகிறது. இயல்பான வண்ணங்களை ஒதுக்கி, பழுப்பேறிய மஞ்சள் நிறத்தில், கையில் ஏந்திய படக்கருவியால் எடுக்கப்பட்டமையால், பழைய கோப்பு ஒன்றைப் புரட்டிப் பார்க்கும் உணர்வே மேலோங்குகிறது.

இரு சிறுமியர்

மூதாட்டியின் பெயர் திருமதி டுருசே. இறந்தோருடன் உரையாட இயலும் என்று நம்புபவர். அவருடைய மகன் பருத்த உடலும் மென்மையான மனமும் கொண்டவன். அதே மருத்துவமனையில் நோயாளிகளின் கட்டிலைத் தள்ளிச் செல்லும் ஊழியன். அன்னை இட்ட பணிகளை முணுமுணுத்துக்கொண்டே செய்து முடிப்பான். இருவரும் நள்ளிரவில் தாழ்வாரங்களிலும் நிலவறைகளிலும் அலைந்து, அழுகுரலுக்கு உரியவளைத் தேடுகின்றனர்.

அவள் பெயர் மேரி. பல பத்தாண்டுகளுக்கு முன் அம்மருத்துவமனையிலேயே மாண்டவள். நோயால் அன்று. அங்கே பணியாற்றிய மருத்துவர் குரூகர்தாம் அவளுடைய தந்தை. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த அவளால் தம் நற்பெயர் கெடும் என்று அஞ்சி, சிகிச்சை என்னும் பெயரால் நச்சு வாயுவைச் செலுத்தி அவளைக் கொன்றார். அவள் உடலும் மண்ணுக்குச் செல்லவில்லை. ஆய்வுக்குரிய பொருளாகக் கண்ணாடிக் கலத்தில் அடைக்கப்பட்டு, மருத்துவமனைக்குள்ளேயே இருந்து வந்தது. பெற்றவரால் கொல்லப்பட்டு, ஈமக்கடனும் மறுக்கப்பட்ட குழந்தை அவள். அவள் அழாமல் வேறென்ன செய்வாள்?

இன்னொரு சிறுமியும் உண்டு. அவள் பெயர் மோனா, உயிருடன் இருப்பவள். மூளை அறுவை சிகிச்சைக்காக வந்தவள், சிகிச்சையில் நேர்ந்த தவற்றால் பேச்சும் நினைவும் குன்றிக் கட்டிலோடு கிடக்கிறாள். அறுவை செய்தவர் ஸ்வீடனிலிருந்து வந்த டாக்டர் ஹெல்மர். தவற்றை அவர் ஒப்புக்கொள்வதில்லை. விளக்கம் கேட்டு வரும் தாய்க்கு நேரான விடை கிடைப்பதில்லை. மேரியின் அழுகையைக் கேட்க ஒரு மூதாட்டியாவது இருந்தார். மோனாவுக்கு அழவும் வலிமை இல்லை.

ஒரு தாளின் எடை

பேய்க்கதையின் நடுவே மிகுந்த பதற்றத்தை உண்டாக்குவது ஆவியன்று, ஒரு தாள். மோனாவின் அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுத்தவர்கள் எழுதி வைத்த அறிக்கை அது. அதில் உண்மை இருக்கிறது. அது வெளிப்பட்டால் ஹெல்மரின் பதவி போகும். எனவே அதை அழித்துவிடத் துடிக்கிறார். அவருடைய தீயூழ், அதன் நகல் ஒன்று கோப்பறையில் உறங்குகிறது. மேரியின் பழைய குறிப்பைத் தேடி திருமதி டுருசே துழாவுவதும் அதே கோப்பறையைத்தான். ஒருவர் உண்மையை எடுப்பதற்காக வருகிறார். மற்றவர் உண்மையைப் புதைப்பதற்காக வருகிறார். தொடர் முழுவதையும் இந்த ஒரு கோப்பறைக்குள் அடக்கிவிடலாம்.

அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர்களுக்கு இதன் கனம் எளிதில் விளங்கும். ஒரு தவற்றைச் செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும். அதை மறைக்க வாழ்நாள் போதாது. முதலில் ஒரு தாளை மறைக்க வேண்டும். பிறகு அத்தாளைக் கண்டவரின் வாயை அடைக்க வேண்டும். ஹெல்மரும் அவ்வழியே செல்கிறார். அறிக்கை சக மருத்துவர் ஒருவர் கைக்குச் செல்ல, அவரை வீழ்த்தும் நஞ்சைத் தேடி ஹெய்தி நாடு வரை பயணம் போகிறார். மந்திரம் மாயம் அனைத்தையும் எள்ளி நகையாடிய அறிவியலாளர், கடைசியில் சூனியக்காரரின் வாசலில் நிற்கிறார்!

இந்த ஹெல்மரைப் பற்றி இன்னொரு செய்தி. தம் காரின் சக்கர மூடிகளை எவரேனும் களவாடிவிடுவர் என்று அஞ்சி, நாள்தோறும் அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டே வேலைக்குச் செல்வார். சக்கர மூடிக்குக் காட்டிய கவனத்தில் ஒரு பங்கை மோனாவுக்குக் காட்டியிருந்தால் கதையே வேறாகியிருக்கும். சினம் தாளாதபோதெல்லாம் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, நீரிணைக்கு அப்பால் தெரியும் தம் தாய்நாட்டை நோக்கி நின்று, டென்மார்க் மக்களை வைது தீர்ப்பார். பிழை எப்போதும் பிறருடையதே என்பவர்க்கு நிற்க உயரமான இடம் ஒன்று தேவைப்படுகிறது.

ஹெல்மர் ஒருவரே குற்றவாளி என்று தொடர் விட்டுவிடவில்லை. பிரிவின் தலைவர் மோஸ்கார்ட், சிரிக்கும் சூரியன் பொறித்த ஒட்டுவில்லைகளை ஒட்டி, காலைத் தென்றல் என்னும் பெயரில் நல்லுறவு இயக்கம் நடத்துகிறார். நோயாளியின் துயரை மட்டும் காண்பதில்லை. உடற்கூறு வல்லுநரான பேராசிரியர் போண்டோ, அரிய புற்றுநோய் கண்ட ஈரல் ஒன்றை ஆய்வுக்காக விரும்புகிறார். நோயாளியின் குடும்பத்தினர் கொடுக்க மறுக்கின்றனர். உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்றால் அதனைப் பெற வழியுண்டு என்று அறிந்ததும், அந்த நோயுற்ற ஈரலைத் தம் உடலுக்குள்ளேயே பொருத்திக்கொள்கிறார். சிரிப்பும் நடுக்கமும் ஒருங்கே வரும் காட்சி இது. மனிதர் மறைந்து உறுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும் நிலை முற்றினால், அறிவு தன் உடலையே தின்னும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இவர்கள் எவரும் அறியாததை அறிந்தவர்கள் இருவர். அடித்தளத்தில் பாத்திரம் கழுவும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவர்கள். மேலே நடப்பவை, நடக்கப்போகின்றவை அனைத்தையும் நீராவிக்கு நடுவே நின்று அமைதியாகப் பேசிக்கொள்கின்றனர். பட்டமும் பதவியும் உள்ளோர் காணாததை, உலகம் அறிவிற் குறைந்தோர் என ஒதுக்கியவர்கள் காண்கின்றனர்.

ஒன்று தீர்ந்தது, ஒன்று நிற்கிறது

முதற்பருவத்தின் இறுதியில் திருமதி டுருசேயின் முயற்சி நிறைவேறுகிறது. மேரியின் ஆவி அமைதியடையச் சடங்கு நடக்கிறது. ஆனால் அதே வேளையில், குரூகரின் முகத்தோடு ஒரு குழந்தை அம்மருத்துவமனையில் பிறக்கிறது. பேயை ஓட்டினோம் என்று மூச்சு விடும்போதே, ஓட்டப்பட்டது வேறு வழியில் உள்ளே வந்துவிடுகிறது.

இதனைப் பார்வையாளரை மிரட்டும் உத்தி என்று மட்டும் கொள்ளலாம். வேறு வகையிலும் எண்ணிப் பார்க்கலாம். மேரிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், மோனாவுக்கு? அவளுக்கு இழைத்த தீங்கை ஒப்புக்கொண்டவர் யார்? அவள் தாயிடம் மன்னிப்புக் கேட்டவர் யார்? பேய் என்பது தீர்க்கப்படாத நிலுவை. பழைய நிலுவையைத் தீர்த்த அன்றே புதிய நிலுவை ஏறிக்கொண்டிருந்தால் கணக்கு எவ்வாறு முடியும்? இறந்தோருக்குச் செய்யும் கடன், உயிரோடிருப்போர்க்குச் செய்ய வேண்டிய நீதிக்கு ஈடாகாது.

பிறந்த குழந்தையின் கதை 1997ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பருவத்தில் தொடர்கிறது. அதன் உடல் அளவுக்கு மீறி விரைந்து வளர்கிறது, எலும்புகள் தாங்கவில்லை. கொலைகாரரின் முகம், ஆனால் உள்ளம் முற்றிலும் நல்லது. தீமைக்கு இணங்கி நலம் பெறுவதைக் காட்டிலும் வேதனையைத் தாங்கி மடிவதே மேல் என்று தன்னை விடுவிக்கும்படி தாயிடம் வேண்டுகிறது. இரணியனுக்குப் பிறந்த பிரகலாதனை அறிந்த குடும்பங்களுக்கு இக்குழந்தையைப் புரிந்துகொள்வது கடினமன்று. பிறப்பு தந்தையுடையது, தேர்வு தன்னுடையது.

இரண்டாம் பருவம் முடிச்சுகள் அவிழாமலே நின்றுபோனது. ஹெல்மராக நடித்த எர்ன்ஸ்ட் ஹூகோ யேரகோர்ட் 1998ஆம் ஆண்டிலும், டுருசேயாக நடித்த கிர்ஸ்டன் ரோல்ஃபஸ் 2000ஆம் ஆண்டிலும் மறைந்தனர். கால் நூற்றாண்டு கழித்து, 2022ஆம் ஆண்டில், புதிய நடிகர்களைக் கொண்டு மூன்றாம் பருவம் வெளிவந்தது. இதற்கிடையே அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங், இக்கதையைத் தம் மெய்ன் மாநிலத்துக்கு மாற்றி, 2004ஆம் ஆண்டில் 13 பகுதிகளாக அளித்தார். அங்கே வெளுக்கும் குளங்களுக்குப் பதிலாக, குழந்தைத் தொழிலாளர்கள் தீயில் மடிந்த ஆலை ஒன்றின் மேல் மருத்துவமனை நிற்கிறது. 1999ஆம் ஆண்டில் சாலையில் நடந்து சென்றபோது வாகனம் மோதி உயிர்பிழைத்தவர் கிங். அவ்வாறே மோதுண்ட ஓர் ஓவியரையே கதையின் நடுவில் படுக்க வைத்தார். நாடு மாறியும் அழும் குழந்தை மாறவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குருதியும் அருவருப்பும் மிகுந்த காட்சிகள் இத்தொடரில் பல உண்டு. சிறுவர்களுடன் அமர்ந்து பார்க்கத் தக்கது அன்று. மருத்துவர்களின் மேல் அவநம்பிக்கை கொள்வதற்கும் இதனைச் சான்றாக்கக் கூடாது. அந்தப் பெயருடைய உண்மையான மருத்துவமனை எண்ணற்ற உயிர்களைக் காத்து வருவது. கதையில் வரும் குற்றங்கள் கதையினுடையவை. திருமதி டுருசேயும் குற்றமற்றவராகக் காட்டப்படவில்லை. பொய்யான நோயைச் சொல்லி, பிறருக்குரிய கட்டிலைப் பிடித்துக்கொண்டவர்தாம் அவரும்.

ஆயினும் அவரிடம் ஒன்று இருந்தது. அழுகுரல் கேட்டபோது, அது காற்றின் ஓசை என்று திரும்பிப் படுக்கவில்லை. எழுந்து சென்று, யார் அழுவது என்று தேடினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். அரளவே மாட்டேன் என்று இறுமாந்திருப்பவன் கண்ணுக்கோ, எதிரே கிடக்கும் குழந்தையும் தெரிவதில்லை. முன்னதைக் காட்டிலும் பின்னதே பெருங்கேடு.

நோயுற்றவரைக் காண மருத்துவமனைக்குச் செல்லாத குடும்பம் இல்லை. பழத்தை மேசைமேல் வைத்து, இரண்டு வார்த்தை பேசி, கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை சற்றுக் கூடுதலாக அமர்ந்திருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் பார்க்க வருவார் எவருமின்றிக் கிடப்பவர் ஏதேனும் சொல்ல முயன்றுகொண்டிருக்கலாம். அதைக் கேட்பதற்கு ஆவிகளோடு பேசும் ஆற்றல் வேண்டியதில்லை.